டானாக் குழி

மூன்று கிழமைக்கு முன்னம்தான் உறிஞ்சினது.
ரசீதைக் காட்டுகிறா புனிதமலர்.
காணி அனுமதிப்பத்திரத்தோடு ஒரே பைக்குள்
மடித்து வைத்திருந்தது.
"இப்ப திரும்பவும் கொமேட்டில தண்ணி
மேலெழும்பி நிண்டு யோசிக்குது."

மார்கழி.
விசுவமடுக் கிணறுகளில்
குனிந்தால் கை நனைகிறது.
நிலம் குடித்து முடித்த பிறகு
எந்தக் குழியும் தன்பாட்டில் இராது:
வெளித்தண்ணி உள்ளே வரும்,
உள்ளே கிடப்பது வெளியே உலாவும்.
பவுசர் ஓட்டும் கிருபைராசா இதை
ஒவ்வொரு படலையிலும் சொல்லிக் களைத்து
இப்போதெல்லாம் கோன் மட்டும் அடிக்கிறான்.

நான் குழாய் பிடிக்கிறவன்.
சபை தந்த கையுறை இரண்டும் இடது கைக்கு.
ஆட்களின் பெயர் தெரியாது, வீடு தெரியும்.
பம்பஸ் போடுகிற வீடு குழாயை அடைக்கும்.
பினாயிலைப் போத்தல் போத்தலாக ஊற்றி
உள்ளே ஊதியமில்லாமல் உழைத்த கிருமியெல்லாம் செத்தபின்
"ஏன் தம்பி கரையுதில்லை?" என்று
கேட்கிற வீடும் உண்டு, வாசிகசாலைக்குப் பின்னால்.
இந்த வீட்டில் அப்படி ஒரு குற்றமும் இல்லை.

அலவாங்கால் மூடியைக் கிளப்பினேன்.
குழாய் ஆறடியில் தரை தட்டியது.
சரி, இவ்வளவுதான் என்று நினைக்க
அது தானாக வளைந்து
இன்னும் போனது.
எட்டு. பத்து. பதினாலு.
கிருபைராசா பம்பை நிற்பாட்டினான்.

"அக்கா, இது ஆர் வெட்டின குழி?"
"அவர்தான்."
கொடியில் காய்ந்த சாரத்தை எடுத்து மடித்தா,
மடித்ததை விரித்தா.
"வெட்டேக்கை கக்கூசுக்கெண்டு வெட்டேல்லை."

'ட'.
அந்த எழுத்து மாதிரி வெட்டச் சொன்ன காலம்.
நேர்க்குழிக்குள் சிதறல் நேரே வரும்,
முடக்கில் ஒதுங்கினால் தப்பலாம் என்றார்கள்.
திரும்பி வந்தபோது
வீட்டுத்திட்டக் காசு கூரையோடு முடிய,
இருந்த கிடங்குக்குத் தட்டு ஊற்றிக்
கொமேட் வைத்தாயிற்று.
வெட்டுக்கூலி மிச்சம்.
"ஏழு பேர் இருந்தனாங்கள் இதுக்குள்ளை.
வெளியில போகேலாது.
மணம் அப்பவும் இதுதான்" என்றா,
சிரித்தாவோ தெரியாது,
நான் குழிக்குள் ரோச் அடித்துக்கொண்டிருந்தேன்.

பனங்குற்றி உக்கி முடக்கு இடிந்திருந்தது.
மண் சரிந்து பாதி இடத்தைப் பிடித்துவிட்டது.
அதுதான் மூன்று கிழமைக்கு ஒருக்கா நிரம்புகிறது.
ஆனால் எனக்கு வேறொன்று உறுத்தியது.
டானாவின் கால் எந்தப் பக்கம் நீள்கிறது?

அடி வைத்து எண்ணினேன்.
மூடியிலிருந்து கிணற்றுக்கு ஐம்பத்திரண்டடி.
பி.எச்.ஐ. ஐயா மூடியில்தான்
நாடாவின் நுனியைப் பிடித்திருப்பார்,
சரி போட்டுக் கையொப்பமும் வைத்திருப்பார்.
மண்ணுக்குக் கீழே நீண்ட காலின் நுனியிலிருந்து
நாற்பதுகூட இல்லை.

"இதைத் தூர்க்கவேணும் அக்கா.
வேலிக்கரையில இரண்டு அறைத் தொட்டி கட்டுங்கோ,
அடியும் பூசினது. கிணத்துக்கு எதிர்ப்பக்கம்."
"தூர்க்கிறதெண்டால்?"
"சுண்ணாம்பு போட்டு, கிரவல். மூண்டு லோட் வரும்."
"முழுக்கவோ?"
"முழுக்க."
கிரவல் விலையைக் கேட்டா.
சொன்னேன்.
பிறகு கனநேரம் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றா.
விலையைப் பற்றித்தான் என்று வைத்துக்கொண்டேன்.

உறிஞ்சினோம். மூடியைச் சுற்றிச் சாந்து தடவினேன்,
ஒரு மாதத்துக்குப் போதும்.
குழாயைச் சுருட்டி ஏற்றும்போது
தேத்தண்ணி வந்தது.
எங்கள் இரண்டு பேருக்கும்
எல்லா வீட்டிலும் போல யோகட் கப்பில்,
குடித்தபின் எறிந்துவிடத் தோதாக.
கிருபைராசா கப்பை வாங்கிக்
கிணற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

கொதித்த தண்ணிதானே என்று
நான் முதல் குடித்தேன்.
சீனி கூட.