ஒரு வரி குறைகிறது

வால்டிவியாவில் ஜூலை மாதம்.
பதினோரு நாளாக மழை.
யஸ்னா ஓயார்சுனின் கம்பளிக் காலுறைகள்
நாற்காலி முதுகில் கிடக்கின்றன,
காய்வதாகப் பேர்.

வியாழக்கிழமை கொடுத்தாக வேண்டும்:
குட்டை மான் ஒன்று பல் துலக்கும் நாற்பது விநாடி,
நகராட்சிப் பல் மருத்துவமனைக்கு.
மானுக்கு ரோமம் அதிகம். ஒவ்வொரு ரோமத்துக்கும் நிழல்.
ஒரு கார்டு வரைந்தால் சனிக்கிழமை ஆகிவிடும்,
இரண்டு வரைந்தால் பிழைத்தாள்.

இருப்பதும் இரண்டுதான்.
தெமூகோவில் பிட்காயின் தோண்டி நொடித்தவனிடம்
பேரம் பேசி வாங்கியவை.
ஒன்றின் விசிறியில் இன்னும் அவன் பூனையின் முடி.
விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது,
இரண்டிலும்.
எல்எஸ்பிசிஐ என்று தட்டினால்
ஒரே ஒரு வரி.

இலை போட்டு, தண்ணீர் தெளித்து,
பந்தியில் உட்கார்ந்திருப்பவனைத்
தாண்டிப் போகிறது சாம்பார் வாளி.

டிரைவரைக் கழற்றினாள். பழையதைப் போட்டாள்.
நூவோவைத் தடைப்பட்டியலில் சேர்த்தாள்.
பயாஸுக்குள் நுழைந்து
பொருள் தெரிந்த சுவிட்சுகளை மாற்றினாள்,
பிறகு பொருள் தெரியாதவற்றை.
கர்னல் ஆயிரத்து நானூறு வரி பேசியது;
அதில் புகார் என்று ஒன்றுகூட இல்லை.
புகார் இருந்தாலாவது சண்டை போடலாம்.

மேலே இருந்ததைக் கீழே, கீழே இருந்ததை மேலே.
மேலே போனது எதுவானாலும் தெரிந்தது.
ஆக, கார்டுகள் மேல் பழியில்லை.
எலெயுத்தேரியோ தொலைபேசியில் சொன்னான்:
"அந்தப் பூனையாக இருக்கும்."
அவனுக்கு ஒலிப்பதிவு வேலை. சொல்லலாம்.

இரவு இரண்டரை.
ஆற்றங்கரை மீன் சந்தையில்
கடல் சிங்கங்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருக்க,
மதர்போர்டோடு வந்த புத்தகத்தை
முதல்முறையாகப் பிரித்தாள்.
நாற்பத்தேழாம் பக்கம், எறும்பு எழுத்தில் அடிக்குறிப்பு:
மூன்றாவது எஸ்எஸ்டி இடத்தில் ஏதேனும் செருகியிருந்தால்
கீழ்த் துளை இயங்காது.

மார்ச்சில், இடம் போதவில்லை என்று
அங்கே ஒன்றைச் செருகியது
யஸ்னா ஓயார்சுன்.
திருகாணி ஒன்று மிஞ்சியதுகூட நினைவிருக்கிறது.

கழற்றினாள்.
அதில் குடியிருந்த மானை
யுஎஸ்பி டப்பாவுக்கு மாற்றினாள்.
தட்டினாள்.
இரண்டு வரி.

கத்தவில்லை. மேல்வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறது.
மேசைக்கு அடியில் இரண்டும் இரைந்து
சூடு கக்கத் தொடங்கியதும்
நாற்காலியை மட்டும்
அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

விடியும்போது
மான் கடைவாய்ப் பல்லுக்கு வந்திருந்தது.
இடது காலுறை காய்ந்துவிட்டது.
வலது, இன்னும் கொஞ்சம்.