தூணோரம் நின்றவள்

ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் பேருந்து நிற்கிறது.
புதுச்சேரியிலிருந்து வரும் பை எல்லாமே
சந்தேகத்துக்குரியது.
என் மடியில் நீல ஐஸ் பெட்டி.
“எத்தனை பாட்டில்?”
பாட்டில் இல்லை சார், பஞ்சு சுற்றிய குச்சிகள்.
போகும்போது காலி. வரும்போது சீழ் இருக்கும்.
மூடியைத் தொட்ட கையைக் காவலர்
பேண்டில் துடைத்துக்கொள்கிறார்.
துடைத்தல் கழுவுதல் ஆகாது.
பழக்கதோஷம், மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன்.

பங்கேற்பாளர் எண் நூற்றுப் பதினேழு
முதுநகரில், ஐஸ் கம்பெனிக்குப் பின்சந்தில் இருக்கிறார்.
படிவத்தில் பெயர் எழுதக் கூடாது.
இங்கே எழுதலாம்: அஞ்சாப்புலி.
இடது கையில் நான்கு விரல்களை
ஐஸ் உடைக்கும் இயந்திரம் எடுத்தது.
முழங்கை வரை மிச்சத்தை
எங்கள் வார்டு எடுத்தது.

ஆறாம் மாத வருகை. சித்திரை வெயில்.
முப்பத்தாறு கேள்விகள்.
சட்டைப் பொத்தானைத் தானே போட முடிகிறதா?
“மேல் பொத்தான் போடறதில்ல. காத்து வரட்டும்.”
தூக்கம்?
“வருது. வந்ததும் இல்லாத விரல் அரிக்குது.”
கடந்த நான்கு வாரங்களில் மனம் சோர்ந்து,
எதிலும் நாட்டமில்லாமல்
“ஆமான்னு போடும்மா”
உள்ளேயிருந்து பாஞ்சாலையின் குரல்.
“இல்லன்னு போடு” என்கிறார் இவர்.
இருவருக்கும் சேர்த்து
ஒரு கட்டம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு அந்த நெடுங்கோடு.
உச்சியில் நூறு. அடியில் பூஜ்யம்:
நீங்கள் கற்பனை செய்யக்கூடிய மிக மோசமான நிலை.
“கற்பனை எதுக்கு? பாத்ததே இருக்கே.
பதினாலாம் நம்பர் பெட்டு.
நெல்லிக்குப்பத்துப் பையன். நல்லாத்தான் தேறிட்டிருந்தான்.
அப்புறம் குளிரு, காய்ச்சலு.”
அவனை அடியில் கிடத்திவிட்டு
ஐஸ் பார் அடுக்குவதுபோல்
ஒவ்வொன்றாக மேலே எண்ணிக்கொண்டு போகிறார்.
“அறுபது. இரு, ரெண்டு சேத்துக்க.
காலைல மீன் வாங்கப் போயிட்டு வந்தேன்.”

கட்டுப் பிரிக்குமுன் கை கழுவப் போகிறார்.
வார்டுச் சுவரில் ஆறு படங்கள் ஒட்டியிருந்தோம்:
உள்ளங்கையோடு உள்ளங்கை,
விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண்…
ஆறுக்கும் இரண்டு கை வேண்டும்
என்று ஒட்டும்போது தோன்றவில்லை.
அவர் துவைக்கிற கல்லில் சோப்பைத் தடவி
அதன்மேல் கையைத் தேய்க்கிறார்.
உள்ளங்கை. புறங்கை. இடுக்கு.
ஒரு முழு நிமிடம்.
கல் சலிக்காமல் மறுகையாக இருக்கிறது.

முதுகைக் காட்டியபடியே கேட்கிறார்:
“தினம் அந்தத் தூண்கிட்ட நிப்பியே,
அட்டையும் பேனாவுமா.
என்ன எழுதிட்டிருந்த?”

நோயாளியைத் தொடுமுன் கை கழுவியவர் யார், கழுவாதவர் யார்.
கவனிப்பவள் குறுக்கே பேசக் கூடாது,
பேசினால் தரவு கெட்டுவிடும்.
தீபாவளிக்கு முந்தின செவ்வாய், ஒன்பது நாற்பது.
பதினாலிலிருந்து பதினைந்துக்கு
ஓர் இளம் டாக்டர் நகர்ந்தார்.
முந்தின நாள் காலையிலிருந்து தூங்காத முகம்.
நடுவில் குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை.
திரவ பாட்டிலை இரண்டுமுறை அழுத்தினார், காற்று வந்தது.
“இல்லை” என்ற கட்டத்தில் நான் கோடு போட்டேன்.
சாயாத, நல்ல கோடு.
பதினைந்தாம் படுக்கையில் இவர்.

சொன்னேன்.
அதனால்தான் வந்ததா என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால், நிரூபிக்க முடியாது என்றிருப்பேன்.
அது உண்மையும்கூட.
“வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல”
என்றது பாஞ்சாலை.
அவர் துண்டில் கையை ஒற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து
முழங்கையை என் பக்கம் நீட்டினார்.
இன்னும் ஓர் இடத்தில் கசிகிறது.
குச்சியைச் சுழற்றினேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

புதுச்சேரிக்குப் போகும் பேருந்தை
ஆல்பேட்டையில் யாரும் சோதிப்பதில்லை.
பெட்டி மடியில் சில்லென்றிருக்கிறது.
‘கருத்துகள் ஏதேனும் இருப்பின்’ என்ற கடைசி வரியில்
பேனாவை வைத்தபடியே
ரெட்டிச்சாவடி வந்துவிட்டது.