வால் நுனி நறுக்கியவை

கருக்கொண்ட நான்காம் நிமிடத்தில்
முட்டைகளை ஐஸ் தண்ணீரில் முக்கினோம்.
வெளியேற வேண்டிய குரோமோசோம் பங்கு
விறைத்து உள்ளேயே தங்கிவிட்டது.
தாயிடம் இரண்டு, தகப்பனிடம் ஒன்று.
பறக்கைக் குளத்துக்குத் தெற்கே, தகரக் கூரைக்குக் கீழே
சிலேபிகள் மும்மடி ஆனது இப்படித்தான்.

பார்த்தால் தெரியாது.
அடையாளத்துக்கு வால் நுனியைக் கொஞ்சம் நறுக்கி வைத்தோம்.
கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இரத்தம் தடவினால் தெரியும்,
செல் ஒவ்வொன்றும்
எண்ணெயில் விழுந்த பப்படம் போல் விரிந்திருப்பது.
வீடு பெரிசு, சன்னல் அதற்கேற்பப் பெருகவில்லை
என்று அறிக்கையில் எழுதினேன்.
வழிகாட்டி அதை அடித்துவிட்டு
‘பரப்பு, கனஅளவு விகிதம்’ என்று திருத்தினார்.
சரிதான்.
ஆனாலும் சன்னல்தான்.

வேலை இவ்வளவு:
மூன்று நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற்ற வேண்டும்.
மீன் நிலைதப்பிச் சாயும்போது
வெப்பமானியைப் பார்த்து எழுதி,
அள்ளி ஆறிய நீரில் விட வேண்டும்.
பிழைத்துக்கொள்ளும்.
பெரும்பாலும்.
‘மீனுக்குக் காய்ச்சல் வைக்கிற பிள்ளை’ என்பார்
காவலிருக்கும் தாசையன்.

காற்று நிறைந்த தொட்டியில்
இருமடியும் மும்மடியும் ஏறக்குறைய
ஒரே சூட்டில் சாய்ந்தன.
கோட்டாற்று வெல்டிங் கடைச் சிலிண்டரால்
ஆக்சிஜனைக் கூட்டினோம்.
இரண்டுமே சற்றுக் கூடுதலாய்த் தாங்கின.
மூன்று வருட உதவித்தொகை
‘வித்தியாசம் இல்லை’ என்ற இரண்டு சொல்லில் முடிகிறதே என்று
பேருந்தில் வீடு வரைக்கும் கணக்குப் போட்டேன்.

மே பதினொன்று.
தென்னோலைகூட அசையாத நாள்.
எங்கோ மின்மாற்றி வெடித்து
இரவு ஒன்பதரைக்கு கரண்ட் போனது.
குமிழிகள் நின்ற பிறகுதான்
இத்தனை மாதமாய் அவை பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
சிலிண்டர் காலி.
தொட்டியில் முப்பத்தைந்து டிகிரி.

முதலில் மேலே வந்தவை
வால் நுனி நறுக்கியவை.
நீர்த்தோலில் வாய் வைத்து
கைபேசி வெளிச்சத்தில் வட்டவட்டமாய்த் திறந்து மூடின.
மற்றவை அடியில்,
இன்னும் அவசரப்படாமல்.

ஒரு நிமிடம் நின்றேன்.
மறைக்கவில்லை, எழுதத்தான் நின்றேன்:
மணி, சூடு, எத்தனை.
மூன்று வருடமாய்த் தேடியது
இருட்டில் வாய் திறந்து வந்து நிற்கிறது.

பிறகு மக்கை எடுத்தேன்.
கோரித் தோளுயரத்திலிருந்து ஊற்றினால்
விழும் நீர் கொஞ்சம் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.
கோரினேன், ஊற்றினேன், கோரினேன்.
தாசையன் டார்ச்சோடு வந்தார்.
“நாளைக்கும் நீதானே சூடு வைப்பே பிள்ளே,
இப்போ என்னத்துக்கு இந்தப் பாடு?”
பதில் சொல்ல மூச்சில்லை.
அவர் டார்ச்சை அலமாரியில் சாய்த்துவிட்டு
வாளியை எடுத்தார்.

இரண்டரைக்கு கரண்ட் வந்தது.
செத்தவை பன்னிரண்டு.
ஒன்பதுக்கு வால் நுனி இல்லை.

அந்தப் பக்கம் கணக்கில் சேராது.
எதையும் கட்டுப்படுத்தவில்லை,
நடுவில் இரண்டு பேர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.
வழிகாட்டி குறுக்கே கோடு கிழித்தார்,
கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார்,
ஓரத்தில் பென்சிலால் எழுதினார்:
பாதிக் காற்றில் செய்து பார்க்கலாமா?

திங்களன்று கோட்டாற்றுக்குப் போனேன்.
“வழக்கம்போல ஆக்சிஜன்தானே அக்கா?” என்றான் பெர்ஜின்.
இல்லை, நைட்ரஜன்.
“அது எதுக்கு?”
தண்ணியில் இருக்கிற காற்றை வெளியே தள்ள.

சீட்டில் கையெழுத்துப் போடத் தூக்கியபோது
தோள் இன்னும் வலித்தது.