நிலுவை

இருபத்தாறு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
வந்தது இந்த வண்டி.
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டுக்கு சீல் வைத்த வாரம்
மேஜைமேல் சாவியை வைத்தார் பாசித் பாய்:
"கையில ரொக்கம் இல்ல வேதாசலம்.
இதை வரவு வெச்சுக்குங்க."
எந்தத் தலைப்பில் வைப்பது என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

எண்பத்தாறாம் வருட பி.எம்.டபிள்யூ.
நான்கு கதவு, சுறா மூக்கு,
மூன்றாம் கியரில் ஓர் உறுமல்.
மேல்விஷாரம் டீக்கடையில் பையன்கள்
கிளாஸோடு வெளியே வந்து பார்ப்பார்கள்.
மற்ற நாளெல்லாம் சத்துவாச்சாரி சந்தில்
தார்ப்பாய்க்குக் கீழே
எண்ணெய் சொட்டிக்கொண்டு நிற்கும்.

நான் மெக்கானிக் இல்லை.
ஒழுகினால் எங்கிருந்து என்று தேடுவேன்,
முப்பது வருடமாய் அதுதான் தொழில்.
அப்படித்தான் அகப்பட்டன:
வெடித்துப்போன பெட்ரோல் ஹோஸ்,
ரேடியேட்டருக்குள் பாறையாகிவிட்ட
எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு,
வேலூர் மே மாதத்தைப் பார்த்து
திறந்த வாய் மூடாத தெர்மோஸ்டாட்.
டைமிங் பெல்ட் மாற்ற மூன்று ஞாயிறு,
ஒரு நகக்கண்.
வால்வு மூடிக்கு கேஸ்கட் கிடைக்காமல்
ஷெட்டில் மிஞ்சிய ஆட்டுத்தோலை வெட்டிப் போட்டேன்.
நான்கு நாள் தாங்கியது.
ஐந்தாம் நாள் சந்து முழுக்க வறுவல் வாசனை.

இதெல்லாம் போகட்டும்.
தூக்கத்தைக் கெடுத்தது ஓடோமீட்டர்.
1,87,430.
அதற்குமேல் ஓர் எண் நகரவில்லை.
எத்தனை வருடம் இப்படியே ஓட்டினார் பாய்?
ஹார்பருக்கு, ஆம்பூருக்கு,
வக்கீல் வீட்டுக்கு, கடைசியில் கோர்ட்டுக்கு...
எல்லாம் எழுதாத கிலோமீட்டர்.

டாஷ்போர்டைப் பிரித்தேன்.
கறுப்புப் பெட்டிக்குள்
சுண்டைக்காய் அளவில் ஒரு பல்சக்கரம்.
பதினைந்து பல்லில் மூன்று உதிர்ந்து
மற்றவை பாகாய்ப் பிசுபிசுத்தன.

தோட்டப்பாளையத்தில் பல்செட் செய்யும் எப்சிபா
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாள்.
"இன்னா சார், வண்டிக்குப் பொக்கை வாயா?"
அச்செடுத்தாள், மெழுகில் செதுக்கினாள்,
இரண்டு தரம் தப்பியது.
"மனுசன்னா பல்லு கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும்
மென்னு முழுங்கிடுவான்.
இது ஒத்துக்க மாட்டேங்குது."
மூன்றாவது கச்சிதம்.
ஈறு நிறத்தில் இருந்தது,
கடையில் அந்த அக்ரிலிக்தான் இருந்ததாம்.
"உள்ளதான கெடக்கப் போவுது, யாரு பாக்கப் போறா?"
நானூறு ரூபாய். ரசீது கேட்டேன்.
எழுதிக் கொடுத்தாள்:
வயது 33. பல் 15.

அன்று சாயங்காலமே எடுத்தேன்.
கண் சாலையில் இல்லை,
பின்னால் வந்த பஸ் திட்டிக்கொண்டே தாண்டியது.
ஆற்காட்டுப் பாலத்தின் நடுவில்,
கீழே மணலும் கருவேலமுமாய்க் கிடக்க,
சைபர் லேசாகச் சாய்ந்தது,
யோசித்தது,
ஒன்றானது.
துள்ளுவேன் என்று நினைத்திருந்தேன்.
விட்டுப்போனது விட்டுப்போனதுதான் என்று
அந்த ஒன்று சொன்னதுபோல் இருந்தது.

பழக்கத்தில் வண்டி ஷெட் வாசலுக்கே போய் நின்றது.
சீல் வைத்த கேட்டுக்கு வெளியே
ஸ்டூலில் இருந்த முனிரத்தினம்
சத்தம் கேட்டதும் எழுந்து சல்யூட் வைத்தான்.
கண்ணாடியை இறக்கினேன்.
கை பாதியில் இறங்கியது.
"நீங்களா சார்."
டயரைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான்,
என்னைப் பார்க்காமல் சொன்னான்:
"எனக்கும் பத்து மாசம் நிக்குது சார்."

பக்கத்து சீட்டில் இருந்த ஸ்பானர் பையைப்
பின்னால் போட்டேன்.
ஆற்காடு போய் டீ குடித்தோம்.
வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே
முழங்கையை வைத்துக்கொண்டு வந்தான்.

போக வர எட்டு கிலோமீட்டர்.
ராத்திரி நோட்டில்
அவன் பேரில் எழுதி வைத்தேன்.