கிழக்குச் சுவர்

பில் சிவப்பாய் வந்த மாதம்தான்
குசினியை உடைப்பதென்று முடிவானது.
ஜெயசீலன் கொப்பித் தாளில் வரைந்தார்:
இது மேடை, இது சிங்க்,
ஓரத்தில் சின்னதாய், பாங்க் கடன்.

வயரிங்குக்கு வந்த முஸம்மில்
வயரைப் பார்க்கவில்லை.
பிறிஜ்ஜின் முதுகைத் தொட்டுக் கையை உதறினான்.
"அக்கா, அடுப்புக்குப் பக்கத்திலயா இதை வைச்சிருக்கிறீங்க?
அது சுட வைக்குது, இது குளிர வைக்குது,
ரெண்டுக்கும் சண்டை.
தெண்டம் கட்டுறது நீங்க."
கதவு ரப்பருக்குள் ஐந்நூறு ரூபாய்த் தாளைச் செருகி இழுத்தான்.
வழுக்கிக்கொண்டு வந்தது.
"குளிர் இதாலதான் போகுது."
தாளை ஜெயசீலனிடம் திருப்பிக் கொடுத்தான்,
அவருடையதுதான்.

பருப்பை ஊறப்போட்டால் காஸ் மிச்சமாம்.
எனக்குச் சொல்கிறான்.
வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்ற வருஷம்
கொதித்த பானையைப் போர்வையில் சுற்றி
கட்டிலுக்குக் கீழே சோறாக்கியவள் நான்.
சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

மேற்குச் சுவர் கச்சானுக்குத் தோசைக்கல்லாகிறது;
வெளியே வெள்ளை அடி, ஒரு கொடியைப் படரவிடு என்றான்.
சரி என்றோம்.
பிறகு அண்ணாந்து பார்த்தான்.
"குண்டு பல்ப்! அதுவும் பட்டப்பகலில!"
கிழக்குச் சுவரைத் தட்டினான்.
ஓரிடத்தில் சத்தம் மாறியது.
"இந்த இடத்தில கல்லு வேற. ஜன்னல் இருந்ததா?"

ஜெயசீலன் எழுந்து போய்
ஏற்கெனவே பூட்டியிருந்த பைப்பைப் பூட்டினார்.

"கடல் முப்பது எட்டில கிடக்குது.
காத்து சும்மா வெளியில நிக்குது, அக்கா.
இதைத் திறந்தா பல்ப்பும் வேண்டாம் ஃபேனும் வேண்டாம்."
கிண்ணியாப் பிள்ளை.
அப்போது நாலு வயதிருக்கும்.
அவனுக்கும் ஏதாவது இருக்கும்,
நான் கேட்கவில்லை.

இருந்தது, தம்பி.
முதல் அலை படியை நனைத்துவிட்டுப் போனது.
பிறகு கடல் தூரத்தில் போய்க் கிடந்தது,
தரையெல்லாம் மீன் துள்ளியது.
அந்த ஜன்னலில் நின்று
"ஓடி வந்து பாருங்கோ" என்று கத்தியது நான்.
கேட்டு ஓடியவன் பெயரை
இந்தக் குசினிக்குள் நாங்கள் சொல்வதில்லை.

அடுத்த மாசியில் கல் வைத்துக் கட்டினோம்.
நிவாரணத்துக்கு வந்த சீமெந்து, முதல் பை அதற்குத்தான்.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன்.
அறுபது வாட்ஸ், நாளுக்கு எட்டு மணித்தியாலம்,
இருபது வருஷம்.
மூவாயிரத்து ஐந்நூறு யூனிட்.
திருக்கடலூரில் சூரியன் முதலில் தொடும் சுவருக்குப் பின்னால்
இவ்வளவு கரண்டை எரித்து
நான் வெங்காயம் வெட்டியிருக்கிறேன்.
மின்சார சபைக்கு இது தெரியாது.
பாவனை என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

காலையில் மேசன் யோகராசா வந்து நின்றார்.
சுவரோடு ஒட்டி நின்று
என் நெற்றிக்கு மேலே ஒரு சாண் விட்டு
கரித்துண்டால் கோடு போட்டேன்.
"இதுக்கு மேலதான் திறக்கவேணும்."
"தங்கச்சி, அப்படியெண்டா கடல் தெரியாதே?"
"காத்து வருமோ?"
முஸம்மில்தான் பதில் சொன்னான்:
"நல்லா வரும். சூடு மேலாலதானே போறது.
இது இன்னும் திறம்."
ஏனென்று அவன் கேட்கவில்லை.
கோட்டைத் தானே இன்னொரு தரம் அழுத்திக் கீறினான்.

பிறிஜ் இப்போது வடக்கு மூலையில்,
சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, முனகாமல் நிற்கிறது.
இந்த மாத பில் பாதிக்குக் கொஞ்சம் கூட.
எட்டு மணிக்கு வெயில் ஒரு பட்டையாய் இறங்கி
பலகையில், என் கையில், குழம்பில் விழுகிறது.
இத்தனை நாளும்
மஞ்சள் கொஞ்சம் கூடத்தான் போட்டிருக்கிறேன்.

மேல் தட்டு எட்டாது என்று
ஜெயசீலன் ஒரு ஸ்டூல் வாங்கி வந்தார்.
அந்தச் சுவரோரம்தான் நிற்கிறது.
ஏறினால் தெரியும்.

மேல் தட்டில்
நான் ஒன்றும் வைப்பதில்லை.