பதினான்காம் வளைவில் ஓடிபி

அஸ்தம்பட்டியில் ஏறியதுமே செயலியைத் திறந்துவிட்டேன்.
நாற்பத்தாறு வயதில்
என் ஓய்வுக்காலத்தை நானே பங்கு பிரிக்கலாமாம்.

"தானாகவே" என்று ஒரு வழி:
வயது ஏற ஏற
பங்குச்சந்தையை விட்டு மெல்ல நகர்ந்து
அரசுக் கடன்பத்திரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
"நீங்களே" என்று இன்னொன்று.
அதைத்தான் தொட்டேன்.

அடிவாரச் சோதனைச்சாவடி.
பங்கு ஐம்பது. கம்பெனிக் கடன் இருபத்தைந்து.
அரசுக் கடன் இருபத்துநாலு.
கூட்டுத்தொகை நூறில்லை என்று
சிவப்பில் ஒரு வரி.
எஸ்டேட் கூலிக் கணக்கில் ஐம்பது காசு விடாதவள் நான்.
விட்டுப்போன ஒன்றைப் பங்கிலேயே போட்டேன்,
துணிந்துதான்.

அக்கா வீட்டுக்காரருக்குச் செவ்வாப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை.
கட்டி வாங்கிப் போடு என்பார்.
இல்லாவிட்டால் ஆட்டையாம்பட்டியில் ரெண்டரை சென்ட்.
இந்தக் கணக்குக்குள் வெள்ளி நுழையாது மாமா,
மண்ணும் நுழையாது என்றேன்.
"அப்புறம் என்ன உன் இஷ்டம்?"
நியாயமான கேள்வி.
அறுபது வரை தாழிட்ட வீட்டில்
எந்த ஜன்னலோரம் நாற்காலி போடுவது
என்கிற அளவுக்கு இஷ்டம்.

ஆறாம் வளைவில் குரங்குகள்.
விரலால் பக்கத்தைக் கீழே தள்ளினேன்.

நாமினி: ஏகநாதன்.
உறவு: கணவர்.
பங்கு: நூறு சதம்.

தீர்ப்பு வந்து எட்டு வருடம்.
மாதாமாதம் ஐந்தாம் தேதி
இரண்டாயிரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.
நான் போய்ச் சேர்ந்திருந்தால்
கொத்தாக அவன் கைக்கு.
கோபம் வரும் என்றுதான் காத்திருந்தேன்.
சிரிப்பு வந்தது.
பக்கத்து சீட்டு அம்மா
மடியிலிருந்த முட்டைத் தட்டைச்
சற்றே தள்ளி வைத்துக்கொண்டார்.

உறவுப் பட்டியலில் தாய் உண்டு, மகன் உண்டு,
கீழ்வீட்டு நர்ஸ் இல்லை.
என் வீட்டின் இன்னொரு சாவி
ரெஜினா மேரியிடம்தான் இருக்கிறது.
"மற்றவை" என்பதைத் தேர்ந்து
அவள் பெயரை எழுத்துக் கூட்டி அடித்தேன்.
ஏற்பார்களோ, மாட்டார்களோ.

எட்டிலிருந்து பதின்மூன்று வரை சிக்னல் இல்லை.
மிளகுக்கொடி சுற்றிய மரங்கள்,
பள்ளத்தில் சிறுத்துப்போன சேலம்.

பதினான்கில் ஒரு கோடு எழும்பியது.
ஆறு இலக்கம் வந்தது.
நான்கை அடிப்பதற்குள்
எதிரே பால்வண்டி, ஹாரன்,
ஸ்டீயரிங்கோடு நாங்கள் எல்லோரும் ஒருபக்கம் சாய்ந்தோம்.

நேரம் கடந்துவிட்டது.
மீண்டும் அனுப்பவா?

அனுப்பு என்றேன். கோடு போய்விட்டது.
இன்னும் ஆறு வளைவு.
ஏரிக்கரை வரும்வரை
அவன்தான் என் நூறு சதம்.