அழிக்காமல் விட்டது

கீழக்கரைக் கல்யாணங்களில்
பெண்கள் பக்கம் படமெடுப்பது நான்தான்.
மணப்பெண்ணின் கன்னத்துப் பரு,
பின்னால் எட்டிப் பார்க்கும் பிளாஸ்டிக் நாற்காலி,
மாமியார் சேலையில் தெறித்த தால்சா,
எல்லாம் இரவில் மவுஸால் தேய்த்துத் தேய்த்துப் போய்விடும்.
ஒரு முகத்துக்கு ஏழு நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமை வாலிநோக்கம்.
அங்கே யாரும் காசு தருவதில்லை,
திருத்தம் சொல்வதுமில்லை.

அன்று கச்சான் காற்று.
பல்லிடுக்கில் மணல்.
போன ஐப்பசி மழையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்து
ஓர் ஓரம் எப்போதும் பனிமூட்டம்.
மதுரைக்கு அனுப்பினால் நாலாயிரம் என்றார்கள்.
அனுப்பவில்லை.

உப்பளத்து வாய்க்காலோரம் உப்புக்கொத்திகள்,
நாற்பது ஐம்பது இருக்கும்.
ஓடும், நிற்கும். ஓடும், நிற்கும்.
ஒன்று மட்டும் தத்தியது.
வலது கால் பாதியோடு சரி;
மீதியை ஏதோ ஒரு நரம்பு வலை வைத்துக்கொண்டது.

பொய் சொல்லக் கூடாது,
நான் படுத்தது வேறொன்றுக்காக:
இரண்டு கால், நல்ல வெயில், சுத்தமான பின்னணி.
முழங்கையைச் சிப்பி கிழிக்க
மூச்சைப் பிடித்துக் காத்திருந்தபோது
குறுக்கே வந்தது இது.

வந்த வழியெல்லாம் ஈரச் சேற்றில்
ஒரு தடம், ஒரு புள்ளி,
ஒரு தடம், ஒரு புள்ளி.
மற்றவை ஏதேதோ கிறுக்கிக்கொண்டிருக்க
இது மட்டும் மெய்யெழுத்தாகவே
எழுதிக்கொண்டு போனது.

இரவு. கணினி.
கை தானாகப் போயிற்று.
பக்கத்துப் பறவையிடம் ஒரு கால் கடன் வாங்கி
ஒட்டினேன். மூன்றே நிமிடம்.
பூஞ்சையின் மூட்டத்தையும் துடைத்தேன்.
தேநீர் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால்
எது அது என்று தெரியவில்லை.
நாற்பதில் ஒன்று.

பிறகு பார்த்தேன்:
கால் வந்துவிட்டது,
சேற்றில் புள்ளிகள் அப்படியே இருந்தன.

ஒவ்வொன்றாகப் பின்வாங்கினேன்.
துடைத்த மூட்டம் திரும்பியது.
கால் போனது.
பறவை வந்தது.

திங்கட்கிழமை ஜுலைஹாவின் ஆல்பம்.
இடது புருவத்தை இரண்டாக வெட்டி
ஒரு கோடு, நெற்றிச்சுட்டிக்குக் கொஞ்சம் தள்ளி.
ஏழு நிமிடத்தில் ஆறு
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு போன் போட்டேன்.

"அந்தத் தழும்பு இருக்கட்டுமா?"

"எந்தத் தழும்பு?" என்றாள்.

தால்சாவை மட்டும் அழித்தேன்.